சுட்டது யார்? 23 வருஷம் கழித்துக் கிடைத்த பதில்

தீபாவளி இரவு. எம்.புதுப்பட்டியில் ஒரு தெரு. இரண்டு சிறுவர்கள் ஒரே நேரத்தில் ராக்கெட்டைப் பற்ற வைக்கிறார்கள். இரண்டும் சீறிக்கொண்டு மேலே போகின்றன. உயரத்தில் “டமார்” என்று ஒரு வெடி. பச்சையும் சிவப்புமாகப் பொறி சிதறுகிறது.

“அது என்னோடதுலே!” என்று ஒருவன் குதிக்கிறான்.

“போடா, என்னோடது!” என்று மற்றவன் சட்டையைப் பிடிக்கிறான்.

திண்ணையில் இருக்கும் தாத்தா சிரிக்கிறார். “காலையிலே குச்சியைத் தேடுங்கடா. அது சொல்லும்” என்கிறார். விடிந்ததும் தேடுகிறார்கள். ஒரு ராக்கெட் வெடிக்காமலே கருவேல முள்ளில் சிக்கிக் கிடக்கிறது. வழக்கு முடிந்தது.

இரண்டு பையன்களும் பொய் சொல்லவில்லை. இருவரும் ஒரு வெடியைப் பார்த்தார்கள். இருவரும் அதைத் தன்னுடையது என்று நம்பினார்கள். அவ்வளவுதான்.

பட்டாசு செய்கிற ஊரில் நடக்கும் இந்தச் சண்டை, பெரிய நாடுகளுக்குள்ளேயும் நடக்கிறது. அங்கே ராக்கெட்டுக்குப் பதில் ஜெட் விமானம். “நான் சுட்டு வீழ்த்தினேன்” என்கிறார் ஒரு விமானி. “எங்கள் விமானம் பத்திரமாகத் திரும்பி விட்டது” என்கிறது எதிரி நாடு. யார் சொல்வது உண்மை? அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே பழைய காகிதங்களைப் புரட்டிக் கொண்டிருக்கும் ஆராய்ச்சியாளர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவதும் குச்சியைத்தான்.

மரத்தால் செய்த விமானம்

1944-ம் வருஷம் ஜூலை 26-ந் தேதி. இரண்டாவது உலக யுத்தம் நடந்து கொண்டிருந்தது. ஜெர்மனியில் மியூனிக் நகரத்துக்கு மேலே, சுமார் 9 ஆயிரம் மீட்டர் உயரத்தில், ஓர் இங்கிலீஷ் விமானம் பறந்தது. அதில் குண்டு இல்லை. துப்பாக்கியும் இல்லை. காமிராதான் இருந்தது. எதிரி நாட்டைப் படம் பிடிக்கும் வேவு விமானம் அது.

அதன் பெயர் ‘மாஸ்கிட்டோ’. கொசு என்று அர்த்தம். ஒட்டுப் பலகையாலும், தீக்குச்சி மரத்தைவிட லேசான பால்சா மரத்தாலும் செய்த விமானம். கனம் குறைவு. ஆகவே வேகம் அதிகம். “என்னை யார் துரத்திப் பிடிப்பார்கள்?” என்று அது தைரியமாகத் திரிந்தது. ஓட்டியவர் வால் என்ற அதிகாரி. வழி சொன்னவர் லோப்பன்.

அன்று பின்னால் ஒரு விமானம் வந்தது. அதற்கு மூக்கில் சுழலும் விசிறி இல்லை! மணிக்கு 870 கிலோ மீட்டர் வேகம் போகக் கூடிய மெஸ்ஸர்ஷ்மிட் 262. யுத்தத்துக்கு வந்த முதல் ஜெட் சண்டை விமானம் அதுதான். அதில் இருந்தவர் ஷ்ரைபர் என்ற இளம் ஜெர்மானியர்.

ஷ்ரைபர் சுட்டார். மாஸ்கிட்டோ வளைந்து தப்பியது. மறுபடியும் சுட்டார். மறுபடியும் வளைந்தது. பல தடவை இப்படி நடந்தது. கடைசியில் மாஸ்கிட்டோ ஒரு மேகத்துக்குள் புகுந்தது. பிறகு ஷ்ரைபரின் கண்ணில் அது படவே இல்லை.

அவர் தளத்துக்குத் திரும்பினார். மாஸ்கிட்டோ ஒழிந்தது என்று கணக்கு எழுதப்பட்டது. ஜெட் விமானம் பெற்ற முதல் வெற்றி என்று அது பல புத்தகங்களில் ஏறி விட்டது.

ஆனால் அந்த மாஸ்கிட்டோ விழவில்லை! ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, இத்தாலியில் பெர்மோ என்ற ஊரில் போய் இறங்கியது. வாலும் லோப்பனும் உயிரோடு வெளியே வந்தார்கள். அவர்கள் கொடுத்த அறிக்கை இங்கிலாந்தில் இருக்கிறது. ஷ்ரைபரின் கணக்கு ஜெர்மனியில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. அதுவரை சரித்திரத்தின் முதல் ஜெட் வெற்றியாக எழுதப்பட்டது, மேகத்துக்குள் மறைந்த ஒரு விமானம்!

185 என்றார்கள், 60 தான்

ஷ்ரைபரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. அவர் இருந்த இடத்தை நினைத்துப் பாருங்கள்.

மணிக்கு 900 கிலோ மீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 250 மீட்டர். சிவகாசியில் கிளம்பினால் இரண்டு நிமிஷத்துக்குள் விருதுநகர். அந்த வேகத்தில் போய்க்கொண்டே, அதே போல ஓடுகிற இன்னொரு விமானத்தைச் சுட வேண்டும். பின்னால் யார் வருகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். எதிரி விமானத்திலிருந்து புகை வந்தால் போதும், “தொலைந்தான்” என்று தோன்றும். புகை வந்த எல்லா விமானமும் விழுவதில்லை. ஒரே விமானத்தை இருவர் சுட்டால் இரண்டு பேர் கணக்கிலும் ஒவ்வொன்று ஏறும்.

1940-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி லண்டன் நகரத்துக்கு மேலே பெரிய சண்டை. “இன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினோம்” என்று பிரிட்டிஷ் சர்க்கார் அறிவித்தது. யுத்தம் முடிந்து ஜெர்மானியரின் சொந்தப் பதிவேடுகளைப் பார்த்தார்கள். அன்று அவர்கள் இழந்தது சுமார் 60 தான்!

ஆகவே ஆராய்ச்சி செய்பவர்கள் வீழ்த்தியவரின் பேச்சை வைத்து முடிவு செய்வதில்லை. இழந்தவரின் வீட்டுக் கணக்கைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு ராணுவ விமானத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. அது எந்தப் படைப்பிரிவில் இருந்தது, யார் ஓட்டினார், எந்தத் தேதியில் ஒழிந்தது என்று எழுதி வைத்திருப்பார்கள். வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். கொடுத்தது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை? வராதது எங்கே போயிற்று? விமானக் கணக்கும் இதேதான்.

விமானத் துப்பாக்கியோடு சேர்ந்து ஓடும் காமிராவும் உண்டு. சுடும்போது அது படம் எடுக்கும். நல்ல சாட்சிதான். ஆனால் துப்பாக்கி நின்றால் படமும் நின்று விடும். அதன் பிறகு எதிரி விழுந்தாரா, வீடு போய்ச் சேர்ந்தாரா என்பது படத்தில் இராது.

சாட்சி தரையில் கிடந்தால் தகராறு இல்லை. 1959-ம் வருஷம் ஏப்ரல் 10-ந் தேதி, ரம்ஜான் பெருநாள் அன்று, இந்தியாவின் ‘கான்பெரா’ வேவு விமானம் ஒன்றை ராவல்பிண்டிக்கு மேலே பாகிஸ்தானின் ‘சேபர்’ ஜெட் விமானம் சுட்டு வீழ்த்தியது. விமானிகள் சென்குப்தா, ராம்பால் இருவரும் பாராசூட்டில் குதித்துப் பிடிபட்டார்கள். விமானம் அங்கே, ஆட்களும் அங்கே. யார் மறுக்க முடியும்?

தகராறெல்லாம் யுத்தத்தில்தான்.

நம் கணக்கிலும் தவறு

1965-ம் வருஷம் செப்டம்பர் மாதம். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் யுத்தம். இரண்டு பக்கமும் ஜெட் விமானங்கள்.

செப்டம்பர் 3-ந் தேதி காலை இந்தியா ஒரு தந்திரம் செய்தது. பழைய மாதிரி ‘மிஸ்டேர்’ விமானங்களை எதிரியின் கண்ணில் படும்படி பறக்கவிட்டது. அவற்றைத் துரத்திக்கொண்டு பாகிஸ்தான் விமானங்கள் வந்தன. தாழ்வாக மறைந்து வந்த நம்முடைய ‘நாட்’ விமானங்கள் மேலே பாய்ந்தன. (நாட் என்றாலும் கொசு ஜாதிப் பூச்சிதான்! வெள்ளைக்காரர்களுக்கு இந்தப் பெயர்களில் என்ன ஆசையோ?) டிரெவர் கீலர் என்ற நம் விமானி ஒரு சேபர் விமானத்தைச் சுட்டார். அது புகையோடு கீழே இறங்குவதைப் பார்த்தார். சேபரை வீழ்த்திய முதல் இந்திய விமானி என்று நாடு கொண்டாடியது. வீர சக்கரம் கிடைத்தது.

அந்தச் சேபரின் விமானி பெயர் யூசுப் அலி கான். கிழிந்து தொங்கிய விமானத்தை அவர் எப்படியோ சர்கோதா தளத்துக்குக் கொண்டுபோய் இறக்கி விட்டார். இது பிறகு தெரிந்தது. கீலர் சுட்டதும் உண்மை, குண்டு பட்டதும் உண்மை. விமானம் மட்டும் விழவில்லை.

இதனால் கீலரின் வீரம் குறைந்து போகுமா? குறையாது. அதே மாதம் 19-ந் தேதி அவருடைய சகோதரர் டென்சில் கீலரும் ஒரு சேபர் விமானத்தைச் சுட்டு வீர சக்கரம் வாங்கினார்.

எதிர்ப்பக்கத்தில் நடந்தது இதைவிடப் பெரிசு. செப்டம்பர் 7-ந் தேதி ஆலம் என்ற பாகிஸ்தான் விமானி, ஒரு நிமிஷத்துக்குள் ஐந்து இந்திய ‘ஹண்டர்’ விமானங்களை வீழ்த்தியதாகச் செய்தி பரவியது. அவர் அந்த நாட்டின் பெரிய வீரர் ஆனார். ஆனால் அந்த ஒரே சண்டையில் ஐந்து விமானங்கள் விழுந்ததாக இந்தியப் பதிவேடுகள் காட்டவில்லை. இன்று வரை அது முடியாத வழக்கு.

அதே செப்டம்பர் 7-ந் தேதி. அதே சர்கோதா. அன்று காலை இன்னொரு விமானம் விழுந்தது. அதை வீழ்த்தியது நான்தான் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை!

மாற்று விமானி

முந்தின நாள் மாலை பாகிஸ்தான் விமானங்கள் பத்தான்கோட் தளத்தைத் தாக்கியிருந்தன. பதிலுக்கு, விடிவதற்குள் சர்கோதாவைத் தாக்க உத்தரவு பிறந்தது. பாகிஸ்தானின் பெரிய விமானத் தளம் அது. பஞ்சாபில் ஆதம்பூர் தளத்திலிருந்த முதலாவது படைப்பிரிவுக்கு அந்த வேலை. தலைவர் விங் கமாண்டர் தனேஜா.

போக வேண்டியவை 12 மிஸ்டேர் விமானங்கள். அவற்றில் ஏதாவது கிளம்பாமல் நின்றுவிட்டால் போவதற்கு மாற்று விமானமும் தயாராக இருந்தது. அந்த மாற்று விமானத்தில் உட்கார்ந்திருந்தவர் ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட தேவய்யா. காவிரி பிறக்கும் குடகு நாட்டுக்காரர். வயது 32. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் வீட்டில் இருந்தார்கள்.

விடியாத இருட்டு. விமானங்கள் கிளம்பின. தேவய்யாவும் மற்றவர்களோடு சேர்ந்து போனார்.

மிஸ்டேர், பிரான்ஸ் தேசத்து விமானம். ஒலியின் வேகத்தை நேராகப் பறந்து தாண்ட அதனால் முடியாது. சர்கோதா வரை போய்த் திரும்புவதே அதன் எண்ணெய்க்கு நெருக்கடி. வழியில் நின்று சண்டை போட்டால் வீட்டுக்கு எண்ணெய் மிஞ்சாது. அந்த விமானத்தில் ஏறிய எல்லாருக்கும் இது தெரியும்.

நம் விமானங்கள் தாக்கிவிட்டுத் திரும்பும் நேரம். பாகிஸ்தானின் ‘ஸ்டார்பைட்டர்’ விமானம் ஒன்று துரத்தி வந்தது. அமெரிக்கா கொடுத்த விமானம். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம். “ஆள் உட்கார்ந்த ஏவுகணை” என்று அதற்குப் பட்டப் பெயர். அதில் இருந்தவர் அம்ஜத் உசேன்.

அவர் கண்ணில் பட்டது தேவய்யாவின் விமானம். ஏவுகணையை விட்டார். பீரங்கியால் சுட்டார். மிஸ்டேருக்கு நல்ல அடி. இனி அது தேறாது என்று எண்ணி, அடுத்த விமானத்தைத் தேடப் போனார் அம்ஜத்.

அடிபட்ட மிஸ்டேர் விழவில்லை. திரும்பியது!

இப்போது சண்டை வேறு மாதிரி ஆயிற்று. ஸ்டார்பைட்டருக்கு இறக்கை சின்னது. நேராக ஓடினால் அதைப் பிடிக்க முடியாது. ஆனால் சட்டென்று வளைய முடியாது. சந்துக்குள் லாரியும் சைக்கிளும் போட்டி போட்டால் எப்படியோ அப்படி. அம்ஜத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வளைவுச் சண்டைக்கு வந்தார். தேவய்யா விடவில்லை. ஓட்டை விழுந்த விமானத்தை வைத்துக்கொண்டே சுட்டார். குண்டுகள் ஸ்டார்பைட்டரில் பாய்ந்தன. அம்ஜத் விமானத்தை விட்டுப் பாராசூட்டில் குதித்தார். உயிர் பிழைத்தார்.

தேவய்யா திரும்பவில்லை.

ஆதம்பூரில் மற்றவர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் யாரும் அந்தச் சண்டையைப் பார்க்கவில்லை. தேவய்யாவின் துப்பாக்கியோடு சேர்ந்த காமிரா படம் எடுத்திருந்தாலும், அது அவரோடு போய் விட்டது. பதிவேட்டில் எழுதப்பட்டது ஒரே வார்த்தை: “காணவில்லை.”

அந்த வார்த்தை பொல்லாதது. இறந்தார் என்று வந்தால் அழுது தீர்க்கலாம். காணவில்லை என்றால்? யுத்தம் முடிந்து, பிடிபட்டவர்கள் திரும்பும்போது வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் தேவய்யாவின் பெயர் வரவில்லை. பிறகு இறந்தவர் என்று முடிவு செய்தார்கள். எங்கே, எப்படி என்று அந்தக் குடும்பத்துக்குச் சொல்ல யாரிடமும் ஒரு சேதியும் இல்லை.

எதிரி எழுதிய சாட்சி

14 வருஷம் போயிற்று.

1979-ல் இங்கிலாந்தில் ஒரு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் ஜான் பிரிக்கர். 1965 யுத்தத்தில் பாகிஸ்தான் விமானப் படை செய்த சாதனைகளைச் சொல்லும் புத்தகம். பாகிஸ்தான் தன் பதிவேடுகளை அவருக்குத் திறந்து காட்டியிருந்தது. முழுக்க அவர்கள் பக்கத்துக் கதை.

அதில்தான் அந்தச் சேதி இருந்தது. செப்டம்பர் 7-ந் தேதி காலை, சர்கோதா அருகே, தாம் முன்பே சுட்ட ஒரு மிஸ்டேருடன் மீண்டும் மோதி அம்ஜத் உசேன் தம் ஸ்டார்பைட்டரை இழந்தார்!

இந்தியாவில் இதைப் படித்தவர்கள் திகைத்தார்கள். ஸ்டார்பைட்டரை மிஸ்டேர் வீழ்த்தியதா? நம்மில் யாரும் அப்படிச் சொல்லவே இல்லையே? பதிவேட்டை எடுத்தார்கள். தீப்பெட்டிக் கணக்கு மாதிரிப் பார்த்தார்கள். அன்று காலை சர்கோதாவுக்குப் போன மிஸ்டேர் விமானங்களில் திரும்பாதது எத்தனை?

ஒன்றே ஒன்று. தேவய்யாவின் விமானம்.

ஓய்வு பெற்றிருந்த தனேஜா சும்மா இருக்கவில்லை. தம்மோடு வந்து திரும்பாமல் போன அதிகாரிக்கு உரிய மரியாதை கிடைக்க வேண்டும் என்று சர்க்காருக்கு எழுதினார். 1988-ம் வருஷம் தேவய்யாவுக்கு மகா வீர சக்கரம் வழங்கப்பட்டது. யுத்த வீரத்துக்கு நம் நாடு தரும் இரண்டாவது பெரிய விருது அது. அவருடைய மனைவி அதைப் பெற்றுக்கொண்டார். அவர் கணவரை வழியனுப்பி 23 வருஷம் ஆகியிருந்தது.

தேவய்யா பக்கம் சாட்சி சொல்ல நம் நாட்டில் ஆள் இல்லை. எதிரி நாடு தன் நஷ்டத்தை ஒளிக்காமல் எழுதி வைத்திருந்தது. இல்லாவிட்டால் மடிக்கேரியில் ஒரு நாற்சந்திக்கு அவர் பெயர் வந்திருக்காது. 2025-ல் அந்த விமானத் தாக்குதலை வைத்து, பெயர்களை மாற்றி, ‘ஸ்கை போர்ஸ்’ என்ற ஹிந்திப் படமும் வந்திருக்காது.

இந்த வேலை நிற்கவில்லை. ஜகன் மோகன், சமீர் சோப்ரா என்ற இரண்டு இந்தியர்கள் 1965 ஆகாய யுத்தத்தைத் தேதி தேதியாக ஆராய்ந்து 2005-ல் புத்தகம் போட்டார்கள். அங்கே, ஓய்வு பெற்ற பாகிஸ்தான் விமானப் படை அதிகாரி கெய்சர் துபைல் தம் நாட்டுச் சண்டைகளை எழுதினார். எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பட்டியலில் உள்ள ஓட்டையை, அந்தப் பக்கத்துப் பட்டியல் அடைக்கிறது. சில இடங்களில் நம் வெற்றி ஒன்று குறைகிறது. சில இடங்களில் அவர்கள் வெற்றி குறைகிறது. இரண்டு ஊரிலும் இதற்காக அவர்களைத் திட்டுகிறவர்கள் உண்டு.

அம்ஜத் உசேன்? அவருக்கும் பாகிஸ்தான் வீர விருது கொடுத்தது. 1971 யுத்தத்தில் மறுபடியும் ஸ்டார்பைட்டரில் வந்தார். டிசம்பர் 5-ந் தேதி அமிர்தசரசில் ரேடார் நிலையத்தைத் தாக்கியபோது தரையிலிருந்து சுட்ட பீரங்கி அவர் விமானத்தை வீழ்த்தியது. இரண்டாவது தடவையும் பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார். இந்த முறை இறங்கிய இடம் இந்தியா. கைதியாகப் பிடித்தார்கள்; பிறகு ஊருக்கு அனுப்பி வைத்தார்கள்.

அந்த விமானத்தைச் சுட்டது யார் என்று ஆராய வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.